எண்ணெய் இட வேண்டிய இடமும் இடக் கூடாத இடமும்: அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி கேள்வி-பதில்

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். நவம்பர் 15 அன்று மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. என்னிடம் இருப்பது .30-06 அளவு கொண்ட பழைய ரெமிங்டன் 742. இரண்டு, மூன்று முறை சுட்டதும் வெற்றுத் தோட்டாக் கூடு வெளியே வராமல் சிக்கிக்கொள்கிறது. குழலை ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் துடைக்கிறேன். காரணம் என்ன?

பதில்: நீங்கள் துடைப்பது குழலை, கோளாறு பெரும்பாலும் குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் இருக்கும். சேம்பர் குழலைவிட அகலமானது என்பதால், குழலுக்கு அளவான பிரஷ் அதன் சுவரைத் தொடாமலேயே கடந்துவிடுகிறது. போல்ட்டை, அதாவது சேம்பரின் பின்புறத்தை மூடும் உலோகப் பாகத்தை, கையால் இயக்கும் துப்பாக்கியில் கூடு சற்று ஒட்டிக்கொண்டாலும் நெம்பி எடுத்துவிடலாம். அரைத் தானியங்கியான 742இல் அந்த வேலையை வெடிவாயு செய்கிறது. சேம்பர் சொரசொரப்பாக இருந்தால் கூடு சுவரைப் பற்றிக்கொள்ள, போல்ட்டின் கொக்கி அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு பின்னால் போய்விடும். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு 742இன் சேம்பருக்குள் சிறு விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, கூட்டின் தோள்பட்டை உட்காரும் இடத்தில் காவி நிறத்தில் துருவும் கரியும் சேர்ந்து ஒரு வளையமாகப் படிந்திருந்தது. அதில் சிக்கிய கூட்டின் உடலெங்கும் நீளவாக்கில் கீறல்கள் இருந்தன. உங்கள் கூடுகளையும் எடுத்துப் பாருங்கள்.

முதலில் தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகே போல்ட்டைப் பின்னால் இழுத்து, சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். இந்த வரிசை மாறவே கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்துவிட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுவது இன்னும் நல்லது. பிறகு, சேம்பருக்கென்றே விற்கும் பருத்த வெண்கல பிரஷை வளையும் கம்பியில் பொருத்தி, கரியைக் கரைக்கும் திரவமான சால்வென்ட்டில் நனைத்து, கூடு வெளியேறும் வாய் வழியாக நுழைத்துப் பலமுறை சுழற்றுங்கள். துணி சுத்தமாக வரும்வரை துடைத்து, சுடுவதற்கு முன் சேம்பரை முற்றிலும் உலர்த்திவிடுங்கள். சேம்பரில் எண்ணெய்ப் பசை இருந்தால் கூடு சுவரைப் பற்றாமல் வழுக்கி, வெடிப்பின் அழுத்தம் முழுவதும் போல்ட்டின் மேல் விழும்.

1960 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட இந்த மாடலில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். போல்ட் ஓடும் தண்டவாளங்களில் அலையலையாகத் தேய்வுத் தடங்கள் ஆழமாகத் தெரிந்தால், அதைத் துடைத்தோ எண்ணெயிட்டோ சரிசெய்ய இயலாது. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் அதைக் காட்டுக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

கேள்வி: பிரவுனிங் பார் (BAR) என்ற அரைத் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்கிறேன். குழலைப் பின்பக்கமிருந்து துடைக்க வழியில்லையே?

பதில்: 1967இல் வந்த அந்தத் துப்பாக்கியைப் பிரிக்காமல் துடைப்பதென்றால், கம்பியை வாய்முனை வழியாகத்தான் செலுத்த முடியும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் விளிம்பு அதுதான். கம்பி அங்கே ஒரு பக்கமாக உரசி உரசித் தேய்ந்தால் குறி சிதறத் தொடங்கும். வாய்முனையில் பொருத்தும் பித்தளை அல்லது பிளாஸ்டிக் காப்புக் குப்பி சில டாலர்தான். அது இல்லாமல் கம்பியைத் தொடாதீர்கள். துப்பாக்கியைத் தலைகீழாகக் கிடத்தி, திறந்த போல்ட்டுக்கு முன்னால் ஒரு பழந்துணியைச் செருகிவிட்டால், அழுக்குச் சால்வென்ட் ட்ரிகர் பகுதிக்குள் ஒழுகாது.

கேள்வி: வெடிவாயு தள்ளும் பிஸ்டனுக்கும் அது ஓடும் கேஸ் சிலிண்டருக்கும் எவ்வளவு எண்ணெய் விட வேண்டும்?

பதில்: தாராளமாக விடுவதுதான் தவறு. அங்கே விடும் எண்ணெய் வெடிவாயுவின் சூட்டில் கருகி, அடிப்பிடித்த பாத்திரம்போல் இறுகிவிடும். சால்வென்ட்டில் ஊறவைத்து, நைலான் பிரஷால் தேய்த்து, துடைத்து, உலர்ந்த நிலையிலேயே பொருத்துங்கள். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்; பிஸ்டனின் அளவு குறைந்தால் வாயு கசியும். போல்ட்டின் உராயும் பரப்புகளுக்கும் தண்டவாளங்களுக்கும் மட்டும், விரலில் தொட்டால் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மெல்லிய பூச்சு போதும்.

கேள்வி: கடுங்குளிரில் போல்ட் மந்தமாக நகர்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் துப்பாக்கி முழுவதும் நனைந்துவிடுகிறது.

பதில்: முதலாவது, பழைய கிரீஸ் குளிரில் இறுகுவதால். பருவத்துக்கு முன் அதை முழுவதும் கழுவி எடுத்துவிட்டு, குளிருக்கென்று தயாரித்த மெல்லிய எண்ணெயைத் துளியளவு இடுங்கள். இரண்டாவது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோலத்தான். குளிர்ந்த உலோகத்தின் மேல் வீட்டின் ஈரக்காற்று படிந்து நீராகிறது. அது போல்ட்டுக்குள்ளும் ட்ரிகருக்குள்ளும் படிந்து, மறுநாள் வெளியே உறையவும் கூடும். தோட்டாக்களை வெளியிலேயே நீக்கிவிட்டு, துப்பாக்கியை உறையோடு மூடியபடியே உள்ளே கொண்டுவந்து, சில மணி நேரம் கழித்து அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்து துடையுங்கள். துடைத்த பின் அதே ஈர உறையில் திரும்ப வைக்காதீர்கள்.

கேள்வி: தாத்தா காலத்து ராணுவத் தோட்டாக்கள் கொஞ்சம் இருக்கின்றன. அவற்றைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா?

பதில்: அரைத் தானியங்கியில் வேண்டாம். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய அமெரிக்க ராணுவ .30-06 தோட்டாக்களில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பை விட்டுச்செல்லும். அது ஈரத்தை இழுத்து விரைவில் துருவை உண்டாக்கும்; எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். குழலை வெந்நீர் விட்டுக் கழுவிவிடலாம், ஆனால் அதே உப்பு, குழலிலிருந்து வாயு பிரியும் கேஸ் துளையிலும் சிலிண்டரிலும் பிஸ்டனிலும் புகுந்திருக்கும். ஏற்கெனவே சுட்டிருந்தால், அன்றைக்கே அந்தப் பாகங்களைப் பிரித்து வெந்நீரில் கழுவி, முழுவதும் உலர்த்தி, குழலுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் பூசி, இரண்டு நாள் கழித்து வெள்ளைத் துணியால் மறுபடி துடைத்துப் பாருங்கள். துணியில் காவி நிறம் தெரிந்தால் உப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. வெந்நீரிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.