சாவி தேடும் கணவர்

கே: என் மாமியாருக்கு 76 வயதில் மறதி நோய் வந்தது. 48 வயதாகும் என் கணவர் வண்டிச் சாவியைத் தேடினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இது பரம்பரையாக வருமா?
– ஒரு வாசகி, தேனி

ப: சாவி தேடுவதெல்லாம் கணக்கில் சேராதம்மா. என் காலைப் பொழுது பாதி அதிலேயே போகிறது. 76 வயதில் வந்தது என்றால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மறதி நோய்களில் அதிகம் காணப்படுவது அல்சைமர். ஒரே ஒரு மரபணுப் பிழையால் தலைமுறை தலைமுறையாக இறங்கும் அல்சைமர் நூற்றில் ஒன்றுகூட இருக்காது. அது சின்ன வயதிலேயே முகம் காட்டிவிடும்.

கொலம்பியாவில் அப்படிப்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. யாருமால் பக்கத்து மலையூர்களில் அதற்கு 'லா போபேரா' என்று பேர். அசட்டுத்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 44 வயதுவாக்கில் நினைவு தடுமாறும், 49 வாக்கில் முற்றிவிடும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. மெடெயின் நகரத்து டாக்டர் பிரான்சிஸ்கோ லோபெரா 1980-களில் தொடங்கி, 2024-இல் இறக்கும்வரை இவர்களைவிட்டு விலகவே இல்லை. சர்ச் பதிவேடுகளைப் புரட்டி வம்ச மரம் போட்டார்கள். சுமார் 6,000 பேர் அதில் இருக்கிறார்கள். யாராவது இறந்தால் மூளையைத் தானம் கேட்பார்கள். துக்க வீட்டில் போய் அதை எப்படிக் கேட்பது! ஆனாலும் கொடுத்தார்கள்.

2013-இல் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். சேர்ந்தது 252 பேர். அதில் பிழை இல்லாதவர்களையும் வேண்டுமென்றே சேர்த்து, அவர்களுக்கு வெறும் போலி மருந்து போட்டார்கள். ஏன் தெரியுமா? பிழை உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், ஊசி போட வரச் சொன்னதுமே 'நமக்கு இருக்கிறது' என்று தெரிந்துபோகுமே! 2022-இல் முடிவு வந்தது. மருந்து பெரிதாகக் கைகொடுக்கவில்லை.

ஆனால் அந்தக் குடும்பங்களில் ஒரு பெண்மணி இருந்தார். அதே பிழை, மூளை நிறைய அமிலாய்டு என்ற புரதப் படிவு. ஆனாலும் எழுபது வயதைத் தாண்டும்வரை தெளிவாகவே இருந்தார். ஏபிஓஇ என்ற வேறொரு மரபணுவில், அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என இரண்டு பிரதிகளிலும் இருந்த அபூர்வ மாற்றம்தான் அவரைக் காத்திருக்க வேண்டும் என்று 2019-இல் எழுதினார்கள். அதே வேலையைச் செய்யும் மருந்து கிடைக்குமா என்று இப்போது தேடுகிறார்கள்.

உங்கள் கணவர் பழகிய வழியில் திசை தெரியாமல் நின்றால், தினமும் போடும் கணக்கில் குழம்பினால், நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். சரி, சாவிக்கு? வாசல் பக்கம் ஒரு ஆணி அடித்துவிடுங்கள்.