வாளை நீட்டத் தயங்கிய ஒரு கணம்: சரச்சந்திரா பற்றிய கேள்விகளும் பதில்களும்

மெய்யியல் படித்த ஒருவர் நாடகக்காரர் ஆனது எப்படி என்று போன கிழமை பேச்சு வந்தது. சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திராவைப் (1914–1996) பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் எழுதுகிறேன்.

சேர், அவர் மெய்யியல் பேராசிரியரா, சிங்களப் பேராசிரியரா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்தது பாளியும் சிங்களமும். ஆனால் படித்த படிப்பு வேறு பாதையில் போனது. முதல் பட்டம் கீழைத்தேய மொழிகளில். பிறகு தாகூரின் சாந்திநிகேதனில் இந்திய மெய்யியலும் இசையும். திரும்பி வந்து லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக இந்திய மெய்யியலில் எம்.ஏ. 1949இல் லண்டனில் கலாநிதிப் பட்டம். ஆய்வுப் பொருள், புலக்காட்சி பற்றிய பௌத்த உளவியல். கண் ஒன்றைக் காண்பதற்கும் மனம் அதை இன்னது என்று பிடிப்பதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பௌத்த மெய்யியல் நூல்தொகுதியான அபிதம்மம் துருவித் துருவிப் பார்க்கும். அதில் ஊறிய மனிதர் அவர். கீழே அவருடைய 'மனமே' நாடகம் பற்றிச் சொல்லும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

அப்படியானால் நாடகம் பொழுதுபோக்காகத்தான் தொடங்கியதா?

தொடக்கத்தில் அவரும் எல்லோரையும் போல மொலியேர், கோகோல் தழுவல்களைத்தான் போட்டார். பேராசிரியர்கள் நாடகம் போட்டால் இப்படித்தான் இருக்கும், மேசை, கதிரை, வசனம், கொஞ்சம் சிரிப்பு. அது போதாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. கிராமங்களில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தேடப் போனார். கோலம், சொக்கரி, நாடகம என்று பார்த்துக் குறித்துச் சிங்கள நாட்டார் நாடகம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார், 1952இல். அதே ஆண்டில் 'பபாவதி' போட்டார். வசனமும் பாட்டும் கலந்த நாடகம். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. 1955இல் ரொக்பெல்லர் நிதியுதவியில் யப்பான் போய் நோ, கபுகி என்ற அந்நாட்டுப் பழைய நாடகங்களைப் பார்த்தார். பழைய வடிவத்தைப் பொருட்காட்சிப் பெட்டியில் பூட்டி வைக்காமல் அப்படியே நடித்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டை நேரில் கண்டதுதான் திருப்பம். 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் 'மனமே' மேடையேறியது.

நூலுக்கும் நாடகத்துக்கும் இடையில் நான்கு வருடம். நடுவில் சரிவராத ஒரு முயற்சி. அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர்கள் விருதுகளைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்த நான்கு வருடத்தைப் பற்றி எழுதுவதில்லை என்பது என் குறை.

'மனமே'யில் மெய்யியல் எங்கே இருக்கிறது? அது ஒரு சாதகக் கதைதானே, புத்தரின் முற்பிறப்புக் கதை?

தமிழ்க் காதுக்கு 'மனமே' என்றால் மனதைக் கூப்பிடுவது போலக் கேட்கும். அது இளவரசனின் பெயர். குருவிடம் வில்வித்தை கற்று, அவர் மகளையே மணந்துகொண்டு காட்டு வழியே ஊர் திரும்புகிறான். வேடர் தலைவன் மறிக்கிறான். சண்டை. இளவரசன் வேடனைக் கீழே போட்டு மடக்கிவிட்டு, வாளைத் தா என்று மனைவியிடம் கை நீட்டுகிறான்.

சாதகக் கதையில் அவள் வேடன்மேல் ஆசைப்பட்டு வாளை அவன் பக்கம் நீட்டிவிடுகிறாள். பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, கதை அதோடு முடிந்துவிடும். சரச்சந்திரா கை வைத்தது அந்த இடத்தில்தான். அவருடைய இளவரசி தயங்குகிறாள். இவன் தன் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியாக நின்று சண்டை போட்டவன், கொல்ல வேண்டாமே என்கிறாள். அந்தத் தயக்கத்துக்குள் வேடன் திமிறி வாளைப் பிடுங்க, இளவரசன் சாகிறான்.

அவள் கண்டது என்ன, நினைத்தது என்ன, விரும்பியது என்ன? நாடகம் சொல்லாது. அது இரக்கமா ஆசையா என்று அவளுக்கே தெரிந்திருக்குமா? வேடன் தன் பங்குக்கு ஒரு தீர்ப்பைச் சொல்லி அவளைக் காட்டில் விட்டுவிட்டுப் போகிறான். சபையில் இருக்கும் நமக்கு அந்தச் சுகமும் இல்லை. புலக்காட்சி பற்றி நூற்றுக்கணக்கான பக்கம் எழுதியவர் அந்த ஆய்வு முழுவதையும் ஒரு வாள் கைமாறும் நேரத்துக்குள் வைத்துவிட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். இது என் வாசிப்பு, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

1956 என்றால் தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம். அந்த நாடகத்தைத் தமிழர் நாங்கள் எப்படிப் பார்ப்பது? (வவுனியாவிலிருந்து)

நல்ல கேள்வி, கொஞ்சம் எரிச்சலோடு கேட்டிருக்கிறீர்கள், பரவாயில்லை. ஜூனில் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய சட்டம், நவம்பரில் 'மனமே'. சிங்களத்தின் தேசிய நாடகம் பிறந்துவிட்டது என்று கொண்டாடினார்கள். ஆனால் அது எடுத்துக்கொண்ட நாடகம என்ற வடிவம், கரையோரக் கத்தோலிக்கரிடையே வழங்கிய தமிழ்க் கூத்திலிருந்து வந்தது. பெயரே காட்டிக்கொடுக்கிறதே. இதை மறைக்காமல் எழுதி வைத்தவர் சரச்சந்திராவேதான். 'மனமே'க்கு மெட்டும் மத்தளமும் தந்து துணை நின்றவர், அம்பலாங்கொடையைச் சேர்ந்த நாடகம மரபின் சார்லஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே (ஆசான்).

அப்புறம், அந்தக் கடன் திரும்பியும் வந்தது. அதே பேராதனையில் தமிழ் கற்பித்த சு. வித்தியானந்தன், சிங்கள நண்பர் செய்ததைப் பார்த்து, மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். 'கர்ணன் போர்' 1962, 'நொண்டி நாடகம்' 1963, 'இராவணேசன்' 1964, 'வாலி வதை' 1968. விடிய விடிய ஆடும் கூத்தை மேடைக்கு ஏற்றபடி சுருக்கி, பல்கலைக்கழகப் பெண்களையும் ஆட வைத்தார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பின்னாளில் அவரே பேராசிரியர்.

நான் மெய்யியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். நாடகமும் நெறிப்படுத்துகிறேன். "இரண்டில் ஒன்றைப் பிடி" என்கிறார் துறைத்தலைவர். என்ன செய்வது?

தம்பி, நிரந்தரமாகும்வரை அவரோடு வாதாட வேண்டாம். எனக்கும் ஒருவர் இதையே சொன்னார். ஒத்திகைக்குக் கேட்ட மண்டபத்தின் சாவி, கேட்ட நாளெல்லாம் "தொலைந்து" போயிருக்கும். மாமரத்தின் கீழ் ஒத்திகை பார்த்தோம், நுளம்பு தின்றது.

சரச்சந்திராவிடமிருந்து எடுக்கக்கூடியது இது: ஆராய்ச்சி ஒரு பக்கம், நாடகம் இன்னொரு பக்கம் என்று வைக்காதீர்கள். கள ஆய்வுக்குப் போகிற இடத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் இரண்டு தாளக்கட்டுப் பழகுங்கள். அது கட்டுரையாகவும் வரும், நாடகமாகவும் வரும். நடிகர்கள் வெளியில் கிடைக்கமாட்டார்கள், வகுப்பில்தான் இருக்கிறார்கள். 'மனமே'யில் ஆடியவர்களும் பேராதனை மாணவர்களே. ஒன்று மட்டும்: மாணவர்களைச் சோதனைக் காலத்தில் ஒத்திகைக்கு இழுக்காதீர்கள். துறைத்தலைவருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும்.

தூதுவராகவும் இருந்தாராமே?

ஆம், பிரான்சில், 1974 முதல் 1977 வரை. 1988இல் ஆசியாவின் நோபல் எனப்படும் மக்சேசே விருது. நடுவில், திறந்த பொருளாதாரம் சமூகத்தை எங்கே கொண்டுபோகிறது என்று சாடி 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். பிறகு ஒரு கூட்டத்தில் அடியாட்கள் புகுந்து அந்த வயோதிபரை அடித்தார்கள். தூதுவர் பதவியை நினைவு வைத்திருப்பவர்கள் இதையும் வைத்திருக்க வேண்டும்.

சிங்களம் தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

'சிங்கபாகு' (1961). கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், சிங்கத்துக்குப் பிறந்த மகன் தகப்பனைக் கொல்லப் போகிறான். முடிந்தால் பேராதனைத் திறந்தவெளி அரங்கில் பாருங்கள். இப்போது அவர் பெயர்தான் அதற்கு, பையன்கள் 'வள' என்பார்கள், குழி என்று அர்த்தம். நான் பார்த்தது அங்கேதான், பனியில் நனைந்த படியில் பழைய பேப்பரை விரித்துக் குந்திக்கொண்டு. மகன் அம்பு விடுகிறான். மகனைக் கண்ட பாசத்தில் நிற்கும் சிங்கத்தை அது தைக்காது. பாசம் கோபமாக மாறுகிற கணத்தில்தான் தைக்கும். அந்த மாற்றத்தை மத்தளம் சொல்லிவிடும், மொழி தேவைப்படாது.