நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. பி.எட். படிக்கிறாள். ஏழு வயதிலிருந்தே வீசிங் தொந்தரவு. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் அறுவடை நேரத்திலும் இழுப்பு கூடிவிடும். வாரத்தில் இரண்டு மூன்று இரவு எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். மதுரையில் ஒரு மருத்துவர் நீல நிறத்தில் ஒன்று, பழுப்பு நிறத்தில் ஒன்று என்று இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பழுப்பு நிறத்தில் இருப்பது ஸ்டீராய்டு என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் இரண்டே வாரத்தில் அதை நிறுத்திவிட்டோம். மூச்சு முட்டும்போது நீலத்தை மட்டும் அடித்துக்கொள்கிறாள். மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது. இன்ஹேலர் பழகிவிட்டால் ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்களே, உண்மையா? மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா? வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்குக் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா?
— ஒரு தாய், வாடிப்பட்டி

மருத்துவர் பதில்:

அம்மா, நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கலங்க வைத்தது: "மாதம் ஒன்று தீர்ந்துவிடுகிறது." மற்றவற்றை அப்புறம் பார்ப்போம். முதலில் இதைப் பேச வேண்டும்.

நீல இன்ஹேலரில் பொதுவாக 200 முறை அழுத்தும் அளவுக்கு மருந்து இருக்கும். மாதம் ஒன்று தீர்கிறது என்றால் உங்கள் மகள் நாளொன்றுக்கு ஆறேழு முறை அதை அழுத்துகிறாள் என்று பொருள். ஒரு வருடத்தில் மூன்று நீல இன்ஹேலர் செலவானாலே, கடுமையான இழுப்பு வந்து மருத்துவமனைக்கு ஓட வேண்டிய வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. உங்கள் மகள் அந்தக் கணக்கில் இருக்கிறாள். இரவில் எழுந்து உட்காருவதும் அதையேதான் சொல்கிறது. இதைப் படித்து முடித்ததும் தள்ளிப்போடாமல், இந்த வாரத்திலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். வாடிப்பட்டிக்காரருக்கு வாய்க்காலைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. பெரியாறு பாசனக் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், உங்கள் வயலுக்கு வந்து சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மடை அடைத்திருக்கலாம். வாய்க்கால் முழுக்கத் தூர்ந்துபோயும் இருக்கலாம். ஆஸ்துமாவில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசை இறுகிக்கொள்கிறது, அது மடை. குழாயின் உட்புறத் தோல் வீங்கிச் சிவந்து, அதற்கு மேல் கெட்டியான சளியும் படிகிறது, அது தூர்.

நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் மடையைத் திறக்கும். ஐந்து நிமிடத்திலேயே மூச்சு லேசாகும். ஆனால் நான்கைந்து மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். தூரில் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட அது அள்ளாது. பழுப்பு இன்ஹேலரில் இருக்கும் புடசோனைடு போன்ற மருந்துதான் தூர் வாருகிறது. வாருவது மெதுவாகத்தான் நடக்கும். முதல் நாள் எடுத்தால் எதுவும் தெரியாது. ஒரு வாரம், இரண்டு வாரம் போன பிறகுதான் இரவுத் தூக்கம் திரும்பும். நீங்கள் நிறுத்தியதே அந்த இரண்டாவது வாரத்தில்தான் என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு, நீல மருந்தை மட்டும் தனியே வைத்துக்கொண்டு சமாளிப்பதை இனிப் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2019இல் சொல்லிவிட்டது. தூர் வாரும் புடசோனைடும் மடையைத் திறக்கும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினமும் எடுத்து, மூச்சு முட்டும்போதும் அதையே எடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது. அது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை: இன்ஹேலரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை நம்பாமல், மேலே அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் படித்துப் பழகுங்கள்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். மாத்திரை லேசு, இன்ஹேலர் கடுமை என்று நம் ஊரில் ஒரு நினைப்பு வேரூன்றியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீல இன்ஹேலரின் ஓர் அழுத்தில் 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால் வருகிறது. அதே மருந்தின் 4 மில்லிகிராம் மாத்திரையில் 4,000 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை 40 அழுத்துக்குச் சமம். மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டு, மிச்சம்தான் நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேராக வேண்டிய இடத்துக்கே போகிறது.

ஸ்டீராய்டிலும் இதே கதைதான். பழுப்பு இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 அல்லது 200 மைக்ரோகிராம் இருக்கும். இழுப்புக்குக் கொடுக்கும் பிரெட்னிசோலோன் மாத்திரை ஒன்றில் 10,000 மைக்ரோகிராம்கூட இருக்கும். இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்பதால் எடைக்கு எடை ஒப்பிடக் கூடாது. ஆனாலும் உடம்பு முழுவதும் எவ்வளவு பரவுகிறது என்பதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முகம் உப்புவது, சர்க்கரை ஏறுவது, எலும்பு தேய்வது என்று நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு வருவது. இன்ஹேலரில் குறைந்த அளவு எடுப்பவர்களுக்கு வரக்கூடியது தொண்டைக் கம்மலும் வாயில் வெள்ளை படிவதும்தான். எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் அதையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். அதிக அளவை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு எலும்பையும் கண்ணையும் கவனிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் நோய் அடங்கிய பிறகு மருத்துவர் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்.

மருந்துக் கடையில் இழுப்புக்கு என்று கேட்டால் ஒரு காகித உறைக்குள் நான்கைந்து மாத்திரையை உதிரியாகப் போட்டுக் கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த 'செட் மாத்திரை'யைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் பெயர் இல்லாமல் கிடக்கும் குட்டி மாத்திரை பல சமயம் ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டுக்குப் பயந்து, அதைவிடப் பல மடங்கை விழுங்கியவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். நீண்ட நாளாக அதை எடுத்துவருகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. உறையோடு மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.

"பழகிவிடும்" என்ற பயம் இருக்கிறதே, அதற்கும் சொல்கிறேன். புடசோனைடு போதை தருவது இல்லை. விட்டால் உடம்பு அதைக் கேட்டு ஏங்குவதும் இல்லை. நிறுத்தியதும் இழுப்பு திரும்புகிறது என்றால், வீக்கம் இன்னும் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது போலத்தான். இரண்டு மூன்று மாதம் தொந்தரவே இல்லாமல் இருந்தால் அளவைக் குறைக்கலாம். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாகவே மொத்தமாக நிறுத்துவதுதான் கூடாது.

இன்ஹேலர் எப்படி வந்தது என்பதிலேயே ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். 1955இல், அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து கம்பெனியின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் கண்ணாடிக் கருவியில் இருக்கும் ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி மருந்தைப் புகையாக்கி உறிஞ்ச வேண்டும். தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரே போல என் மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக் கூடாது என்று அவள் அப்பாவிடம் கேட்டாள். அடுத்த வருடமே, 1956இல், அழுத்தினால் அளவாக மருந்து வரும் முதல் இன்ஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது.

உங்கள் மகளுக்கு ஏன் நாளுக்கு ஏழு முறை தேவைப்படுகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். அலங்காநல்லூர்ப் பக்கம் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் என்னிடம் வந்தார். ஆறு மாதமாக இன்ஹேலர் எடுத்தும் கேட்கவில்லை, இன்னும் வீரியமானதாகக் கொடுங்கள் என்றார். என் முன்னால் எடுத்துக் காட்டச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து எடுத்தார், குலுக்கவில்லை, வாயை அகலத் திறந்து இரண்டு முறை படபடவென்று அழுத்தினார். ஜன்னல் வெளிச்சத்தில் மருந்து வெள்ளைப் புகையாக அவர் மீசைக்கு மேலே எழுந்து கலைந்தது. ஆறு மாத மருந்து முழுவதும் அப்படித்தான் காற்றில் போயிருக்கிறது. மருந்தை மாற்றவில்லை, இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைக் கொடுத்து, எடுக்கும் விதத்தைத்தான் மாற்றினேன். மூன்று வாரம் கழித்து வந்தவர், தலையணையை உயர்த்தி வைக்காமல் படுத்துத் தூங்குவதாகச் சொன்னார்.

எடுக்கும்போது வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ புகை வெளியே தெரிந்தால், மருந்து உள்ளே போகவில்லை. மகளைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பாருங்கள். மூடியைக் கழற்றியதும் வாய்ப்பகுதிக்குள் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பைக்குள் கிடக்கும் இன்ஹேலருக்குள் நாணயம்கூடப் புகுந்துகொள்ளும். நான்கைந்து முறை நன்றாகக் குலுக்க வேண்டும். புதியதாகவோ பல நாள் எடுக்காததாகவோ இருந்தால் முதலில் வெளியே இரண்டு முறை அழுத்திவிட வேண்டும். பிறகு முகத்தைத் திருப்பி, உள்ளே இருக்கும் மூச்சையெல்லாம் வெளியே விட வேண்டும். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். குடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால் புதிதாக எங்கே ஊற்றுவது? உதட்டால் இறுகக் கவ்வி, வாய் வழியாக மெதுவாக இழுக்கத் தொடங்கும் அந்த நொடியில் ஒரே ஒரு முறை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகும் இளநீரை ஸ்டிராவில் உறிஞ்சுவது போல நிதானமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும். மனத்துக்குள் பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பிறகு விடலாம். இரண்டாவது அழுத்துக்கு அரை நிமிடமாவது கழிய வேண்டும்.

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் அமைவது பலருக்குக் கைவராது. அதற்குத்தான் நான் சொன்ன அந்த ஸ்பேசர். மருந்து அதற்குள் தங்கி நிற்கும்; அவள் தன் போக்கில் இழுத்துக்கொள்ளலாம். தொண்டையில் படிவதும் குறையும். பெரியவர்களுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அதை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னூட்டம் ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சும் பொடி வகைக் கருவி என்றால் முறை நேர் எதிர்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும்.

வாங்கிய தேதியை இன்ஹேலர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். 200 அழுத்து உள்ளதைக் காலை இரண்டு, இரவு இரண்டு என்று எடுத்தால் 50 நாளில் மருந்து தீர்ந்துவிடும். அதன் பிறகும் அழுத்தினால் புஸ் என்று காற்று வரும். அதில் மருந்து இருக்காது.

வீட்டில் மாற்றக்கூடியவையும் உண்டு. இலவம்பஞ்சுத் தலையணையை உறை போட்டு மூடி, உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். அவள் படுக்கும் அறையில் கொசுவத்திச் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளட்டும். கதிர் அறுக்கும் இயந்திரம் பக்கத்து வயலில் ஓடும் நாளிலும் போகிக் காலையிலும் ஜன்னலைச் சாத்தி வைத்து, அவளை வெளியே அனுப்பாதீர்கள். ஆடாதோடைக் கஷாயம் கொடுக்கிறீர்களா என்று தெரியாது; கொடுத்தால் நான் கேலி செய்ய மாட்டேன். சளி இளக நாங்கள் எழுதித் தரும் புரோம்ஹெக்சின் மருந்தே ஆடாதோடையில் இருக்கும் ஒரு பொருளை ஒட்டி உருவாக்கப்பட்டதுதான். ஆனால் மூச்சுக்குழாய் வீக்கத்துக்கு அது போதாது. பழுப்பு இன்ஹேலருக்கு மாற்றாக அதைக் கொடுக்காதீர்கள்.

வரன் விஷயத்தில் மருத்துவராக மட்டும் இல்லாமல் உங்கள் சகோதரனாகவும் சொல்கிறேன். மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்கள் புகுந்த வீட்டில் இன்ஹேலரைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்து, எடுக்க வேண்டிய வேளையில் எடுக்க முடியாமல் நள்ளிரவில் மூச்சுத் திணறி வருவதைப் பார்த்திருக்கிறேன். இது ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. ஒழுங்காக மருந்து எடுத்தால் அவள் வகுப்பெடுக்கலாம், ஓடலாம், சிறுமலை ஏறலாம். மணவறையில் ஓமப்புகை சூழும்; அன்று அவள் தங்கையோ தோழியோ நீல இன்ஹேலரைக் கையிலேயே வைத்திருக்கட்டும்.

குழந்தை பெறுவதற்கு ஆஸ்துமா தடை இல்லை. கர்ப்பத்தில் மூன்றில் ஒரு பங்குப் பெண்களுக்கு இழுப்பு குறைகிறது, ஒரு பங்குக்கு அப்படியே இருக்கிறது, ஒரு பங்குக்குக் கூடுகிறது. தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுக் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும். குறைமாதப் பிரசவமும் குழந்தையின் எடைக் குறைவும் அதனால் வரக்கூடும். புடசோனைடு கர்ப்பிணிகளிடம் நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்டு வரும் மருந்து. நாள் தள்ளியது தெரிந்ததும் பயந்து நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் சொல்லித் தொடர வேண்டும்.

எங்கே போவது என்றால், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. காசநோய் ஆஸ்பத்திரி என்று யாராவது பார்த்துவிடுவார்களோ என அங்கே போகக் கூசுகிறவர்கள் உண்டு, கூச வேண்டாம். குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள். இரண்டு இன்ஹேலரையும் எடுத்துப் போய், அவள் எடுக்கும் விதத்தை அங்கே ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் கடுமையான இழுப்பு வந்துவிட்டால்: படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரட்டும். நீல மருந்தை ஸ்பேசர் வழியாக ஒவ்வொன்றாக நான்கு அழுத்து கொடுங்கள். சில நிமிடத்தில் தணியாவிட்டால் மீண்டும் நான்கு கொடுத்துவிட்டு உடனே 108ஐ அழையுங்கள். போகும் வழியிலும் கொடுத்துக்கொண்டே போகலாம். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் பேசி முடிக்க முடியவில்லை, விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். விசில் சத்தம் நின்றுவிட்டதே என்று ஆறுதலும் படாதீர்கள். அவள் களைத்துப்போயிருக்கும்போது சத்தம் நின்றால், காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

அலமாரியில் போட்டு வைத்திருக்கும் பழுப்பு இன்ஹேலரின் காலாவதித் தேதியை இன்றே பாருங்கள். நாள் இருந்தால், மருத்துவர் எழுதிய அளவில் இன்றிரவே தொடங்கலாம். பல் தேய்க்கும் பிரஷ் இருக்கும் மாடத்திலேயே அதையும் வையுங்கள். காலையும் இரவும் கை தானாக அங்கே போகும். எடுத்ததும் வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கும்.