எஸ்.ஐ.பி.க்கு எந்தச் செயலி?

கேள்வி: தனியார் பள்ளி ஆசிரியையான நான், மாதம் 5,000 ரூபாயை 20 ஆண்டுகளுக்கு மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. முறையில் முதலீடு செய்ய விரும்புகிறேன். என் அண்ணன் மகன், தரகுக் கட்டணமே கிடையாது என்று ஒரு பங்கு வர்த்தகச் செயலியைப் பரிந்துரைக்கிறான். அதை நம்பலாமா? அந்த நிறுவனம் மூடப்பட்டால் என் பணம் என்னவாகும்?
- வாசகி, ஈரோடு.

பதில்: மியூச்சுவல் ஃபண்டில் மட்டும் முதலீடு செய்ய டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) கட்டாயமில்லை, ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்திலேயே எஸ்.ஐ.பி.யைத் தொடங்கலாம். பல ஃபண்டுகளை ஒரே இடத்தில் பார்க்கும் வசதிக்காகச் செயலி வேண்டுமென்றால், அது டைரக்ட் திட்டத்தைத் தருகிறதா, ரெகுலர் திட்டத்தைத் தருகிறதா என்பதை முதலில் பாருங்கள். 2013 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள டைரக்ட் திட்டத்தில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லை. ரெகுலர் திட்டத்திலோ அது ஃபண்டின் செலவு விகிதத்திலேயே (செலவுக்காக ஃபண்ட் ஆண்டுதோறும் கழித்துக்கொள்ளும் சதவீதம்) கலந்துவிடுவதால், தனிக் கட்டணமாக உங்கள் கண்ணில் படாது. ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் உங்கள் முதலீடு 20 ஆண்டுகளில் சுமார் 50 லட்சம் ரூபாயாகும். கமிஷனால் அது 11 சதவீதமாகக் குறைந்தால், கிடைப்பது ஏறத்தாழ 43.7 லட்சம்தான். சந்தை சரியும்போது பதறி வெளியேறாமல் தடுத்து வழிநடத்தும் முகவருக்கு அந்தக் கமிஷன் தகும். எந்த ஆலோசனையும் தராத செயலிக்கு ஏன் தரவேண்டும்?

செயலி நிறுவனம் மூடப்பட்டாலும், ஃபண்டில் உங்கள் பங்கான யூனிட்டுகள் மறைந்துவிடாது. அவை உங்கள் பான் எண்ணுடன் இணைந்த ஃபோலியோவில் (ஃபண்ட் கணக்கில்), ஃபண்டுகளுக்காக முதலீட்டாளர் கணக்குகளைப் பராமரிக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கேம்ஸ் போன்ற பதிவாளரின் பதிவேட்டில் இருப்பதால், ஃபண்ட் நிறுவனத்திடமே நேரடியாக விற்றுப் பணம் பெறலாம். சில செயலிகள் யூனிட்டுகளை டீமேட் வடிவில் வைக்கின்றன. அப்படியானால் விற்பனையும் அந்தக் கணக்கின் வழியாகவே நடக்கும் என்பதால், தொடங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் மகன் சொல்லும் செயலியில் எனக்குள்ள தயக்கம் வேறு. எஸ்.ஐ.பி.க்காகத் திறக்கும் அதே திரையில், பங்குகளின் எதிர்கால விலையை ஊகித்துச் செய்யும் ஆப்ஷன் வர்த்தகமும் அழைத்துக்கொண்டே இருக்கும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பங்குசார் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்ததாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்தப் பிரிவைச் செயல்படுத்தாமலேயே கணக்குத் தொடங்க முடியும். படிவத்தில் அதைத் தேர்வு செய்யாதீர்கள்.

எந்தச் செயலியாக இருந்தாலும் அதன் பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பிலிருந்து செயலியைப் பதிவிறக்க வேண்டாம். தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அது மோசடிதான்.