வயலின் எங்கே வாய்மூட வேண்டும்?

ஞாயிறு மாலை, மந்தைவெளியில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடிக் கொட்டகை. நிக் டிரேக் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1969இல் வெளியிட்ட 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, பேச்சில்லாமல் கேட்டோம். ஒரு கித்தார், உரக்கப் பேசக் கூச்சப்படுபவர் போன்ற ஒரு குரல், பல பாடல்களில் சுற்றிலும் வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, இன்னும் பெரிய செல்லோ. முப்பது ஆண்டுகளாக ரெக்கார்டிங்குகளில் வியோலா வாசிப்பவன் என்பதால், பிறகு எழுந்த கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

பெரம்பூர் கல்லூரி மாணவி: இதைப் பரோக் பாப் என்கிறார்களே, அப்படியென்றால்?

பெயருக்காக அதிகம் மெனக்கெடாதீர்கள் அம்மா. 1960களின் நடுவில் பாப் பாடல்களுக்குள் ஹார்ப்சிகார்டு என்ற பழைய கீபோர்டு வாத்தியம், ஓபோ என்ற ஊதுகுழல், சிறிய வயலின் குழு என்று பழைய ஐரோப்பியக் கச்சேரியின் சாயல் புகுந்தது. பரோக் காலம் என்பது ஏறக்குறைய 1600 முதல் 1750 வரை. அந்தக் காலத்து இசையமைப்பாளர் பாக் போன்றவர்கள் செய்ததுபோல, இரண்டு மூன்று மெட்டுகள் ஒன்றையொன்று மிதிக்காமல் ஒரே நேரத்தில் நடக்கும். ஃபோக் பாடகரின் கித்தாரோடு அது சேர்ந்தால் நாம் கேட்டது கிடைக்கும்.

வடபழனி வாசகர்: சினிமாப் பாடலிலும் வயலின்கள் வருகின்றன. இங்கே மட்டும் ஏன் உறுத்தவில்லை ஐயா?

இங்கே வாத்தியப் பகுதிகளை எழுதியவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அப்படி எழுதுபவர்களை அரேஞ்சர்கள் என்போம். பல அரேஞ்சர்கள் வயலின்களைப் பாட்டுக்குப் போர்வையாக்கிவிடுகிறார்கள். பாடகர் வாய் திறந்ததும் போர்த்துகிறார்கள், பாட்டு முடிந்ததும் மடித்து வைக்கிறார்கள். ஒருமுறை எனக்கு வந்த தாளில் 64 பார்களுக்கு, அதாவது தாளக் கட்டங்களுக்கு, வெறும் நீண்ட ஸ்வரங்கள்; வில்லைப் போட்டுக்கொண்டே மின்கட்டணம் கட்டிவிட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்பவருக்கும் அந்த மறதிதான் போய்ச் சேரும்.

இந்த ஆல்பத்தின் 'வே டு ப்ளூ' பாடலை நினைத்துப் பாருங்கள். கித்தாரே கிடையாது. குரல், தந்திகள், அவ்வளவுதான். பாட்டைத் தாங்கும் பொறுப்பு முழுக்க வயலின்காரர்களுக்கு. அந்தத் தந்திப் பகுதியை எழுதியவர் ராபர்ட் கிர்பி, அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த இளைஞர். முதலில் அமர்த்திய அனுபவசாலியின் வேலை டிரேக்குக்குப் பிடிக்கவில்லை. தன் கல்லூரி நண்பர் கிர்பியைச் சிபாரிசு செய்தார். என்ன துணிச்சல்!

இன்னொரு உதாரணம், பீட்டில்ஸ் 1966இல் வெளியிட்ட 'எலினார் ரிக்பி'. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. பீட்டில்ஸ் நால்வரில் ஒருவரும் வாத்தியத்தைத் தொடவில்லை. டிரம்ஸ் இல்லாத குறையை, வெட்டி வெட்டிப் போடும் வில் தீர்த்துவிடுகிறது. மைக்கைத் தந்திக்கு மிக அருகில் வைத்ததால் வில் உரசும் கரகரப்புகூடக் கேட்கும்.

மயிலாப்பூர் மிருதங்க மாணவர்: இந்த ஆல்பத்தின் 'ரிவர் மேன்' எனக்குக் கண்ட சாப்பு போலப் பட்டது. தவறா சார்?

தவறில்லை தம்பி, ஐந்து எண்ணிக்கைதான். ஆனால் நம் கண்ட சாப்பில் தகதகிட என்று இரண்டும் மூன்றுமாக வெட்டு தெளிவாக விழும். இங்கே கித்தார் ஆற்றோட்டமாகப் போகிறது. மேலே வயலின்கள் எந்த எண்ணிக்கையில் வந்து சேர்கின்றன என்று பிடிபடாமல் மிதக்கின்றன. இந்த ஒரு பாடல் மட்டும் தன்னால் ஆகாது என்று கிர்பி ஒதுங்கிக்கொண்டார். திரைப்படங்களுக்கு இசையமைத்துவந்த ஹாரி ராபின்சன் எழுதினார். வாத்தியக் குழுவின் நடுவே உட்கார்ந்து டிரேக் பாடியபடியே வாசித்தார். குரலைத் தனியாகப் பிறகு ஒட்டவில்லை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள், இரண்டாம் நிமிடத்துக்குள் கை நின்றுவிடும்.

அண்ணா நகர் கித்தார்காரர்: அவர்போல வாசிக்க முயன்றேன், விரலே எட்டவில்லை.

விரலில் குறையில்லை. அவர் தந்திகளை வழக்கமான சுருதியில் வைக்கவில்லை. பல பாடல்களுக்கு மாற்றி மாற்றிக் கூட்டியிருக்கிறார்.

வேளச்சேரி, சொந்தப் பாடல் எழுதுபவர்: நான்கு பாடல்கள் தயார். இருபது வயலினுக்குப் பணமில்லை. கீபோர்டில் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஒரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ போதும். மூன்று பேர் வில்லில் கிடைக்கும் மூச்சு, கீபோர்டின் அறுபது வயலினில் கிடைக்காது. எங்கே இடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கித்தாரின் அடித்தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 82 அதிர்வு), செல்லோவின் அடித்தந்தி 65. இரண்டும் கீழேயே உருண்டால் சேறுதான். செல்லோவை மேலே ஏற்றுங்கள், அல்லது அந்த இடத்தில் கித்தார் அடித்தந்தியைத் தொடாதீர்கள். வியோலாவின் அடித்தந்தி 131. ஆண் குரல் உலவும் வீடு அது. பாடும்போது வியோலா அசையாமல் இருக்கட்டும், மூச்சு வாங்கும்போது நகரட்டும்.

சென்னையில் ரெக்கார்டிங்குக்கு வரும் பெரும்பாலோர் நொட்டேஷனைப் பார்த்ததும் வாசித்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தாள், பெரிய எழுத்து, பார் எண் வேண்டும். செல்பேசியை நீட்டாதீர்கள். வாசித்துப் பதிவு செய்யும்போது ஏ.சி.யை அணைத்துவிடுங்கள். மே மாதத்தில் ஒரு ஸ்டுடியோவில் அணைக்க மனமில்லாமல் விட்டார்கள். மெல்லிய முடிவில் எங்களோடு ஏ.சி.யும் ஒரு ஸ்வரம் பிடித்தது, அதுவும் சுருதி சேராமல். எல்லோரும் வியர்த்துக்கொண்டு மறுபடி வாசித்தோம்.

நங்கநல்லூர் ரசிகை: கர்நாடக வயலின் வித்வானை வைத்துச் செய்யக் கூடாதா?

தாராளமாக, ஆனால் தனி வரியாகக் கொடுங்கள். அவர் தந்திகளைச் ச-ப-ச-ப என்று கூட்டியிருப்பார். ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகம்தான் அவருடைய மொழி. நான்கு பேர் சேர்ந்து வாசிக்கையில் ஆளுக்கொரு அசைவு கொடுத்தால் வரி கலைந்துவிடும். கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலிருந்து வயலின் நம்முடையதும்தானே. 1986இல் இளையராஜா தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தைக் கேளுங்கள். அதில் வி. எஸ். நரசிம்மனின் வயலின் எப்போது கமகத்தோடு பேசுகிறது, எப்போது நேர்ஸ்வரமாகக் குழுவோடு நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பாடப்புத்தகம் தேவைப்படாது.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: ஆல்பத்தின் பெயருக்கு என்ன பொருள்?

சிகரெட் சுருட்டும் தாள் கட்டு தீரப்போகையில் 'இன்னும் ஐந்து தாள்களே' என்று ஒரு எச்சரிக்கைச் சீட்டு வரும். அதுதான்.

திருவான்மியூர் வாசகர்: வியோலா, வியோலா என்கிறீர்களே, எனக்கு அது கேட்கவே இல்லையே?

'வே டு ப்ளூ'வை ஹெட்போனில் போடுங்கள். மேலே பாடும் வயலினை விட்டுவிடுங்கள், அடியில் நடக்கும் செல்லோவையும் விட்டுவிடுங்கள். நடுவில் யாரோ கதவோரம் நின்று மெதுவாகப் பேசுவதுபோல ஒன்று மிச்சமிருக்கும். முப்பது ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவது அதுதான்.