ஏரியில தண்ணி இருக்கா?

டெல்டாவில முப்பது வருஷமா ஏரி ஏரியாச் சுத்துறவன் நான். பறவை, பூச்சி பத்திக் கேளுங்க. லாட்ஜ், பிரியாணி பத்தி வேற ஆளைக் கேளுங்க.

கும்பகோணம்: சார், வடுவூர் ஏரிக்கு எந்த மாசம் போகலாம்?

நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும். ஆனா காலண்டரை நம்பி வண்டி எடுக்காதீங்க. அந்த ஏரி மேட்டூர்த் தண்ணியையும் ஐப்பசி மழையையும் நம்பி இருக்கு. ரெண்டும் ஏமாத்தினா அங்க மாடுதான் மேயும். ஊர்ல யாருக்காவது போன் போட்டு, தண்ணி இருக்கான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

தஞ்சாவூர்: அங்க பூநாரை பார்க்கலாமா?

அதுக்குக் கோடியக்கரை போங்க. ஆழமில்லாத உப்புத்தண்ணி, சேறு. அதுதான் அதோட இடம்.

நாகப்பட்டினம்: இங்க எதெல்லாம் ராம்சார் பட்டியல்ல இருக்கு?

உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல் அது. கோடியக்கரை சேந்தது 2002. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் 2022. கொள்ளிடத்துக்கு வடக்கே கரைவெட்டி 2024.

முத்துப்பேட்டை விவசாயி: நத்தைகுத்தி நாரைக்கு வாய் மூடவே மாட்டேங்குதே, பிறவிக் குறையா?

குறை இல்லண்ணே. குஞ்சுக்கு அலகு ஒழுங்கா மூடும். வளர வளரத்தான் நடுவுல சந்து விழும், நுனி மட்டும் சேரும். பாக்குவெட்டி மாதிரி நத்தையை நசுக்கத்தான் இந்தச் சந்துன்னு ரொம்ப காலம் நம்பினாங்க. அப்படி இல்ல. கீழலகு நுனியை ஓட்டுக்குள்ள விட்டு, சதை ஒட்டியிருக்கிற தசையை அறுத்து, உருவி எடுத்துடும். ஓடு பெரும்பாலும் முழுசாக் கிடக்கும்.

அதே விவசாயி: என் வரப்புல உடைஞ்ச ஓடு கிடக்கே!

செம்போத்தும் நத்தை தின்னும். டிராக்டர் ஏறினாலும் உடையும்.

மன்னார்குடி: எங்க தாத்தாவும் பாக்குவெட்டின்னுதான் சொன்னாரு.

எங்க தாத்தாவும்தான். நாரை தின்னுட்டுப் போன இடத்துல நான் பொறுக்கின ஓடு இப்ப மேஜையில இருக்கு. மூடி இல்ல, உள்ள காலி, மேல ஒரு கீறல்கூட இல்ல. நீங்களும் ஒண்ணு எடுத்துப் பாருங்க.

பட்டுக்கோட்டை: பூநாரை எங்க...

மேல படிங்க.

திருவாரூர்: பையனுக்குப் பூச்சின்னா உயிர். தட்டானையும் ஊசித்தட்டானையும் எப்படிப் பிரிக்கிறது?

உக்காரும்போது பாக்கச் சொல்லுங்க. றெக்கையை விரிச்சு வெச்சா தட்டான். முதுகுமேல சேத்து வெச்சா பெரும்பாலும் ஊசித்தட்டான். ஐப்பசியில வயல்மேல கூட்டமா மிதக்கிற மஞ்சள் தட்டானைக் காட்டுங்க. மாலத்தீவு தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் கடல் கடக்கிற இனம் அது. வால்ல நூல் கட்ட மட்டும் விடாதீங்க.

திருச்சி: ட்ரோன் விடலாமா?

வனத்துறை அனுமதி இல்லாம விட்டா வழக்குதான்.

பாபநாசம்: ஞாயித்துக்கிழமை உதயமார்த்தாண்டபுரம் போறோம். பூநாரை இருக்குமா?

கோடியக்கரை! கோடியக்கரை! ஆமா, தண்ணி இருக்கான்னு கேட்டீங்களா?

முத்துப்பேட்டை விவசாயி: வயலுக்கே போய்ப் பாத்துட்டேன். மூணு ஓடு முழுசு, ஒண்ணு உடைஞ்சிருக்கு.

உடைஞ்சதுக்குப் பக்கத்துல டயர் தடம் இருக்கா பாருங்கண்ணே.