அவன் நல்லா பேரம் பேசினானாம், அதான் சம்பளம் ஜாஸ்தியாம்!

கேள்வி: அக்கா, அந்தேரியில ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ்ல ஆறு வருஷமா இருக்கேன். எனக்கு அப்புறம் சேர்ந்த பையன் அதே வேலைக்கு மாசம் 18 ஆயிரம் அதிகம் வாங்குறான், அவனே சொன்னான். ஹெச்ஆர்ல கேட்டா "அவர் சேரும்போது நல்லா நெகோஷியேட் பண்ணார்"ங்குறாங்க. எங்க ஜெர்மனி ஆபீஸ்ல ஒரு பொண்ணு எழுதிக் கேட்டே சம்பள விவரம் வாங்கிட்டாளாம். நம்ம நாட்டுல அப்படி சட்டமே இல்லையா?
- செம்பூர் வாசகி

பதில்: சம வேலைக்கு சம சம்பளம்ங்குற சட்டம் இல்லாம என்னம்மா, 1976லயே வந்தாச்சு! இப்ப அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போய், 2025 நவம்பர்லேர்ந்து அமல்ல இருக்கு. ஒரே வேலை, இல்ல ஒரே மாதிரி வேலைன்னா ஆணுக்கு ஒண்ணு பெண்ணுக்கு ஒண்ணுன்னு குடுக்கக் கூடாது. உங்க மும்பைலயே ஆட்ரி டிகோஸ்டான்னு ஒரு ஸ்டெனோ, ஆம்பளை ஸ்டெனோவுக்கு மட்டும் ஏன் அதிகம்னு கேட்டு கேஸ் போட்டு, கம்பெனி எங்களுக்குக் கட்டுப்படியாகாதுன்னு அழுதும் 1987ல சுப்ரீம் கோர்ட் அதெல்லாம் ஒரு காரணமே இல்லன்னு அவங்க பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு.

அப்ப எங்க இடிக்குது? அடுத்தவன் சம்பளம் என்னன்னு நமக்குத் தெரியவே தெரியாது, அங்கதான். ஜெர்மனியில 2017 சட்டப்படி, 200 பேருக்கு மேல இருக்குற ஆபீஸ்ல, அதே வேலை பாக்குற ஆம்பளைங்க ஆறு பேராவது இருந்தா, அவங்க சம்பளத்தை வரிசையா வெச்சா நடுவுல நிக்கிறது எவ்வளவுன்னு கேட்டு வாங்கலாம் (தனி ஆளோட சம்பளத்த சொல்ல மாட்டாங்க). ஐஸ்லாந்து இன்னும் ஒரு படி மேல, 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனியே நாங்க சமமாத்தான் குடுக்குறோம்னு நிரூபிச்சு சர்டிபிகேட் வாங்கணும்னு 2018ல சட்டம் அமலுக்கு வந்துச்சு, நம்ம பில்டிங்குக்கு ஃபயர் என்ஓசி வாங்குற மாதிரி.

உனக்கு அந்த நம்பர் தானா வந்து கைல விழுந்திருக்கு, ஆனா தயவுசெஞ்சு அந்தப் பையன் பேர இழுக்காத, பாவம், நம்பி சொன்னான். மொதல்ல நீ என்ன வேலை பாக்குற, ஜிஎஸ்டி ரிட்டர்ன் யாரு போடுறா, ஆடிட்டர் கிட்ட யாரு உக்காருறா, எல்லாத்தையும் எழுதி வை, ஏன்னா நாளைக்கு சண்டையே "அது வேற வேலை, இது வேற வேலை"ன்னுதான் வரும். அப்புறம் வாயால கேக்காம மெயில்ல கேளு. அந்த நெகோஷியேஷன் கதைய 2023ல ஜெர்மனியோட உச்ச தொழிலாளர் கோர்ட்டே தள்ளிடுச்சு, அது இங்க செல்லாதுதான், ஆனா ஒரே கம்பெனி, அங்க எடுபடாத சாக்கு இங்க மட்டும் எப்படி எடுபடும்னு ஹெச்ஆர கேக்கலாம்ல?

மசியலைன்னா தொழிலாளர் கேஸ் பாக்குற வக்கீல் ஒருத்தர பாத்துட்டு லேபர் ஆபீஸ்ல மனு குடு, மூணு வருஷத்துக்குள்ள குடுக்கணும். ஏப்ரல் இன்க்ரிமெண்ட் லெட்டர் வருமே, அதுல சைன் பண்றதுக்கு முன்னாடியே மெயில் போயிருக்கணும், சரியா?